நாலு பேர் கூடினால் குற்றமா?

தெருவுக்குத் தெரு ஒரு சங்கம் இருக்கிறது. மாதர் சங்கம், நெசவாளர் சங்கம், வாலிபர் சங்கம்! சந்தா கட்டுகிறார்கள்; சமயத்தில் சண்டையும் போடுகிறார்கள். இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல.

1918-ல் சென்னைப் பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். ஆலை நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது. 1920-ல் ஐகோர்ட்டு தடை உத்தரவு போட்டது. வாடியாவிடம் நஷ்ட ஈடும் கேட்டார்கள்! 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கங்களுக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. சங்கம் அமைப்பது குடிமக்களின் உரிமை என்றது 19-வது பிரிவு. நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் சொன்னது.

எது நியாயம்? அதை யார் சொல்வது?

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 10-ந்தேதி சென்னை சர்க்கார், மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்டு கட்சிக்கு அது உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. சங்கத்தின் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ் வழக்கு தொடர்ந்தார்.

அந்தச் சட்டம் எப்படிப்பட்டது? சர்க்கார் நினைத்தால் போதும், சங்கம் கலைந்தது. உறுப்பினருக்குச் சிறை, சொத்து பறிமுதல். ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஆனால் அதன் முன் நேரில் நின்று பேச முடியாது. தடைச் செய்தி கெஜட்டில் வந்தால் போதுமாம். கெஜட்டை எந்த வீட்டில் வாங்குகிறார்கள்?

ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. சர்க்கார் அப்பீல் செய்தது. 1952 மார்ச் 31-ல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட 5 சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளும் ராவ் பக்கமே தீர்ப்பளித்தார்கள். கோர்ட்டு விசாரிக்க வழியில்லாத தடை, நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்றார்கள்.

சர்க்கார் சொன்னது மெய்யா, பொய்யா என்பதல்ல அங்கே கேள்வி. குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் சொல்லலாமா என்பதுதான். கூடாது என்ற தீர்ப்பு சரியான தீர்ப்பு.

1967-ல் வந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், சங்கத்தின் மீதான தடையை ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் விசாரிக்கிறார். இது நல்லதே. ஆனால், வெளியிட்டால் பொதுநலனுக்குக் கேடு என்று சர்க்கார் கருதும் விவரங்களை மறைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. என்ன குற்றம் என்று முழுக்கத் தெரியாதவர் எப்படிப் பதில் சொல்வார்?