விடுமுறை உலா: உருவமற்ற ஓவியங்களின் முன்னே

தலைநகர்வாழ் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் இந்தியா கேட் புல்வெளியில் கூடுவது வழக்கம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஜெய்ப்பூர் இல்லத்தில் உள்ளது தேசிய நவீனக் கலைக்கூடம். 1954இல் தொடங்கப்பெற்ற அதனுள் அடியெடுத்து வைத்த நம்மவர் சிலரே. சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று, எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றோம். மெட்ரிகுலேஷன் வரை பயின்ற இரயில்வே எழுத்தராகிய நமக்கு ஓவியத் திறனாய்வு தொழிலன்று. கண்டதையும் மனத்திற் பட்டதையுமே ஈண்டு உரைப்போம்.

உருவம் தெரியும் ஓவியங்களின் முன் நிற்கும் மக்கள், உருவமற்றவை வந்ததும் விரைந்து நடந்துவிடுகின்றனர். 'இது என்ன?' என்னும் வினாவுக்கு விடை கிடையாமையே காரணம். ஆயின், மார்கழி மாதத்து வாசற்கோலத்தைக் கண்டு, 'இது எதன் உருவம்?' என எவரேனும் வினவியதுண்டா? புள்ளிகளின் ஒழுங்கும் இழையின் வளைவுமே நமக்கு நிறைவளிக்கின்றன. அந்தக் கண்ணை இங்கும் கொண்டுவந்தாற் போதும்.

இரயில்வே ஊழியனுக்கு நிறம் என்பது ஆணை. சிவப்பு என்றால் நில்; பச்சை என்றால் செல். சையத் ஹைதர் ராசாவின் ஓவியத்தில் சிவப்பு எந்த ஆணையும் இடவில்லை, வெறுமனே சிவந்திருந்தது. அதைக் காணவே ஓர் அமைதி உண்டாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் 1922இல் பிறந்த ராசாவின் மனம் சிறுவயதில் அலைபாய்ந்தபோது, அவருடைய ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு, அதனையே நோக்கியிருக்கச் சொன்னாராம். 1950இல் பிரான்சு சென்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்த அவர் பிற்காலத்தில் வரைந்தவற்றுள் அந்தப் 'பிந்து'வே நடுநாயகமாயிற்று. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வாசுதேவ் கைத்தோண்டே 1972இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தவர். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பரப்பியும் வழித்தும், ஆண்டுக்கு மிகச் சில ஓவியங்களே படைத்தார். அவர் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றபின், மூடுபனியில் தண்டவாளம் மெல்லத் தெளிவது போல, அடியிலிருந்த ஒளி மேலெழுந்து வரக் கண்டோம். பொறுமையின்றி இது புலப்படாது.

இறுதியில் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில், சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்திருக்கும். எதனையும் படிக்க இயலாது.

"அப்பா, இது தமிழா?" என்றாள் மகள்.

"இல்லையம்மா. இது எந்த மொழி எழுத்தும் அன்று."

"நம் வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையும் எனக்கு இப்படித்தானே தெரிகிறது!"

குறையாகச் சொல்லவில்லை, வியந்தே சொன்னாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் அவளுக்குத் தமிழ் செவிச்செல்வம் மட்டுமே. நம் நெஞ்சிலோ அச்சொல் தைத்தது. பணிக்கர் படிக்கவொண்ணாதபடி எழுதியது அவரது கலை. நம் பாட்டனார் எழுதிய கடிதங்கள் நம் மக்களுக்கு அவ்வாறு ஆகிவிடுதல் கலையன்று; இழப்பு.

ஆயினும் அவள் சொல்லிலேயே ஒரு வழியும் தெரிந்தது. பொருள் அறியுமுன்பே எழுத்தின் வடிவை அவள் கண் விரும்பியிருக்கிறது. ஆகவே, இப்போது நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் ஓர் எழுத்தை ஓவியமாக வரைகிறோம். 'ழ' அவளுக்கு மிகப் பிடித்திருக்கிறது. நேற்று 'பழம்' என்று தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அன்பர்களே! குழந்தைகளை அக்கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவர்களுக்கு விளக்கம் கூறாதீர்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் விடையிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது மிகுதி.