விளையாட்டு வினையாகட்டும்!

"விளையாட்டு வினையாகும்" என்று நம் பெரியோர் பயமுறுத்துவது வழக்கம். வினை என்றால் தீங்கு மட்டுந்தானா? செயல், தொழில் என்றும் பொருளுண்டல்லவா? அந்தப் பொருளில் விளையாட்டு வினையாகட்டும் என்றே நாம் வாழ்த்துகிறோம். வீடியோ விளையாட்டை ஆடுவதோடு நில்லாமல், ஓய்வு நேரத்தில் தாமே ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் புகுந்தோம்.

மணிமுத்தாற்றில் அத்தகைய மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். அணைக்கட்டு, அருவி, மாஞ்சோலை மலை, யானை, புலி, நூறு போர்வீரர் யாவும் அடங்கிய விளையாட்டைச் செய்யப் போவதாகச் சொன்னான். உடன் வந்த தகப்பனாரோ, "சார்வாள், ஆடுறது போதாதுன்னு இப்பம் செய்ய வேறயா?" என்று அலுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஆடுகிறவன் பொழுதைப் போக்குகிறான், செய்கிறவன் கணக்குப் போடுகிறான். செய்யட்டும்" என்றோம்.

ஆனால் மகனுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றிருந்தது. யாப்புப் பயில்கிறவன் முதல் நாளே காவியம் பாடுவதில்லை. ஈரடிக் குறள் வெண்பாவில் கை பழகுகிறான். இரண்டே அடிதான், ஆயினும் தளை தட்டக் கூடாது, பாதியில் நிற்கவும் கூடாது.

பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! 'வெண்பா' என்ற பெயரிலேயே ஒரு வீடியோ விளையாட்டு உண்டு. கனடாவின் டொரொண்டோ நகரில் அபி என்னும் தமிழர் தலைமையில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு அதைச் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. அதில் சண்டையில்லை, சமையலுண்டு. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் தாய்தான் வெண்பா. அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்தழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன இடங்களை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைப்பதே ஆடுவோரின் வேலை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் அச்சிறு விளையாட்டு, 2024-ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா பரிசைப் பெற்றது. நம் வீட்டு இட்லிப் பானைக்குக் கிடைத்த மரியாதை!

தனியொருவர் பெரியதைச் செய்ததே இல்லையா? உண்டு. அமெரிக்கரான எரிக் பரோன் நிரல், சித்திரம், இசை யாவற்றையும் தாமே செய்து 'ஸ்டார்டியூ வேலி'யை 2016-ல் வெளியிட்டார். அதற்கு ஏறக்குறைய நான்கரை ஆண்டு பிடித்தது. பள்ளிப் பிள்ளைக்கு அத்தனை தவம் கட்டுமா?

ஆகவே, "யானையையும் வீரர்களையும் அனுப்பிவிட்டுப் புலியை மட்டும் வைத்துக்கொள், ஆடுபுலி ஆட்டம் செய்" என்றோம். 3 புலி, 15 ஆடு, 23 சந்தி. முதலில் கணினியைத் தொடவே வேண்டாம். காகிதத்தில் கட்டம் வரைந்து, சந்திகளுக்கு 1 முதல் 23 வரை எண்ணிட வேண்டும். எங்கிருந்து எங்கே நகரலாம் என்று ஓர் அட்டவணை. எதைத் தாண்டி எங்கே குதிக்கலாம் என்று இன்னோர் அட்டவணை. வெறுஞ்சந்திக்கு 0, ஆட்டுக்கு 1, புலிக்கு 2. ஆட்டம் முழுவதும் இவ்வெண்கள் மாறுவதுதான்.

அப்புறம் 'கோடோ' என்ற மென்பொருளை நாடலாம். அர்ஜென்டினாவில் இருவர் உருவாக்கிய அது, 2014-ல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது. அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. செய்த விளையாட்டை விற்றாலும் பங்கு கேட்பதில்லை. சித்திரமும் இசையும் கடைசியில். அதுவரை மஞ்சள் வட்டமே புலி, வெள்ளை வட்டமே ஆடு.

முடிந்ததும் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் உட்கார வேண்டும். அவள் தயங்குமிடத்தில் குறை விளையாட்டினுடையது, அவளுடையதன்று.

எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? அது ஊருக்கு ஊர் வேறுபடும். தாத்தாவைத்தான் கேட்க வேண்டும். வெண்பாவின் குறிப்பேட்டைப் போல நம் வீட்டு ஆட்டங்களின் விதிகளும் அழிந்துவருகின்றன. சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் பிள்ளையை நாம் 'விளையாட்டுப் பிள்ளை' என்று தள்ளலாமா?

பெற்றோர்களே, "எவ்வளவு நேரம் கணினியில் இருந்தாய்?" என்று கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, "இன்று எதை முடித்தாய்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதியில் நின்ற காவியத்தினும் தளை தட்டாத ஈரடி மேல்.