அடுத்த காட்சி எப்போது?

“ஞாயிற்றுக்கிழமை நாரத கான சபாவில் ஒரு நாடகம் பார்த்தேன். பிரமாதம், விட்டுவிடாதீர்கள்” என்று திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். கேட்டவருக்கும் ஆசை வந்துவிடுகிறது. மறுபடி எப்போது, எங்கே என்று விசாரிக்கிறார். அங்கேதான் பேச்சு நின்றுவிடும். அடுத்த மாதம் தியாகராய நகரில் இருக்கலாம்; அதற்கும் அடுத்த மாதம் குரோம்பேட்டையில் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். இதே சினிமா என்றால் அன்று மாலைக்கே டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

தமிழ் நாடகம் ஏன் இளைத்தது என்று கேட்டால் எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கிறது. சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது, இனி யார் நாடகம் பார்ப்பார்கள்? பாதிதான் உண்மை. கைப்பேசி மும்பையிலும் இருக்கிறது, லண்டனிலும் இருக்கிறது. அங்கெல்லாம் நாடகத்துக்கு டிக்கெட் விற்கிறது. நம் ஜனங்களுக்கு ஆசை தீர்ந்துவிடவில்லை. ஆசை வருகிற நாளில் நாடகம் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஒரே அரங்கில் நாலு வாரம் தொடர்ந்து நடக்கிற நாடகம் சென்னையில் அபூர்வம். அது வழக்கமாகாத வரை மற்ற வைத்தியங்கள் எதுவும் பலிக்கப் போவதில்லை.

இங்கேயும் நாடகம் நின்று ஆடிய காலம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அதில்தான். எம்.ஜி.ஆர்., சிவாஜி, நம்பியார் எல்லோரும் அதே மாதிரியான பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கம்பெனி ஓர் ஊருக்கு வந்தால் கொட்டகையை வாடகைக்குப் பிடிக்கும், வீடு எடுத்துத் தங்கும், மாதக்கணக்கில் ஆடும். வசூல் இறங்கினால் நாடகம் மாறும். கையிருப்பு நாடகங்கள் எல்லாம் ஆடித் தீர்ந்ததும் படுதா, உடுப்புப் பெட்டி, சமையல் பாத்திரம் சகிதமாக ரயிலேறி அடுத்த ஊர். கடல் தாண்டியும் போனார்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் ஜோடி சேர்ந்ததே கொழும்பில்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. முதல் நாள் கூட்டம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. பார்த்தவர் கடைத்தெருவில் பேசுவார், கேட்டவர் மறுநாள் வருவார், வந்தவர் பக்கத்துக் கிராமத்துச் சம்பந்திக்குச் சொல்லி அனுப்புவார். பேச்சு ஊரைச் சுற்றி வரும்வரை நாடகம் அங்கேயே காத்திருந்தது. எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ பற்றி ஊரெல்லாம் பேசியது இப்படித்தான். அரசாங்கமே மேடைப் பேச்சுக்கு அஞ்சி 1954இல் ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த 2013 வரை சட்டப் புத்தகத்தில் கிடந்தது. யாரும் பார்க்காத ஒரு கலைக்கு இப்படி ஒரு காவல் தேவைப்பட்டிருக்காது.

பிறகு சபா வந்தது. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952இல் தொடங்கியது. பின்னாலேயே சோ, பாலசந்தர், காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, விசு, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று ஒரு பெரிய வரிசை. பெரும்பாலும் பகலில் உத்தியோகம், மாலையில் ஒத்திகை. பாலசந்தர் ஏஜிஎஸ் ஆபீஸில் இருந்தவர், சோ வக்கீல், மோகன் கிண்டியில் படித்த என்ஜினீயர். மாதக்கணக்கில் வெளியூரில் தங்குவதெல்லாம் இவர்களால் ஆகாத காரியம். சபாக்கள் அதற்கு வசதியாக அமைந்தன. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். சபா ஒரு தொகை பேசி நாடகத்தை ஒரு மாலைக்கு வாங்கிக்கொள்ளும். டிக்கெட் விற்கும் கவலை குழுவுக்கு இல்லை, என்ன பார்ப்பது என்று தேடும் கவலை உறுப்பினருக்கு இல்லை. ‘சர்வர் சுந்தரம்’, ‘முகமது பின் துக்ளக்’, கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ எல்லாம் மேடையில் பேர் வாங்கிவிட்டுத்தான் சினிமாவுக்குப் போயின. அந்தப் பொற்காலத்தைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை மெல்லத்தான் தெரிந்தது. பார்வையாளர் என்பவர் உறுப்பினர் ஆகிவிட்டார். வெளியிலிருப்பவன் காசு கொடுத்துப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போனது. நாடகம் சபாவுக்கு ஒரு மாலை வீதம் நகரைச் சுற்றி வந்தது. சுற்று முடிந்ததும் பெட்டிக்குள் போனது. உறுப்பினர்களுக்கு வயதாக ஆக நாடகத்துக்கும் வயதானது. வரிக்கு ஒரு ஜோக், வேனில் அடங்கும் ஒரு சோபா, ஒன்பது மணிக்குள் மங்களம் என்ற கட்டுமானம் அந்தக் கூட்டத்தின் சௌகரியத்துக்கு ஏற்பத் தைத்த சட்டை. 2008இல் வந்த ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான முறை மேடையேறியது என்று பெருமையாகச் சொல்கிறோம், நியாயமான பெருமைதான். அந்தக் காட்சிகள் எத்தனை சபாக்களில், எத்தனை ஊர்களில், எத்தனை வருஷங்களில் சிதறிக் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்டுதோறும் நடத்தும் கோடை நாடக விழாவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தையொட்டி, புதிதாக எழுதப்பட்ட நாடகங்களை நாளுக்கொன்றாக மேடையேற்றுகிறார்கள். அந்த விழா இல்லையென்றால் பல குழுக்கள் புது நாடகமே எழுதாது. ஆனால் ஒவ்வொன்றும் அங்கே ஒரே மாலைதான். மறுவாரம் விமர்சனம் வெளியாகும்போது விமர்சகர் புகழ்ந்த நடிகர் ஒப்பனையைக் கலைத்துப் பல நாளாகியிருக்கும். மார்கழி வந்தால் சபா மேடைகள் கச்சேரிக்குப் போய்விடும். நாடகக்காரர்களுக்கு அது லீவு.

மும்பை தாதரில் சிவாஜி மந்திர் என்றொரு அரங்கம் இருக்கிறது. 1965இல் திறந்தது. மராத்தி நாடகங்களும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. தாதர், தானே, புணே என்று ஓடிக்கொண்டே இருப்பவைதான். ஆனால் அங்கே அரங்கம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வெவ்வேறு நாடகங்கள் அடுத்தடுத்து நடக்கும். எந்த அரங்கில் எத்தனை மணிக்கு எது என்று மராத்திப் பத்திரிகைகளில் சினிமா விளம்பரம்போல வரிசையாக வரும். ஜனங்கள் கவுன்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார்கள். நடிகர் பிரசாந்த் தாம்லே 2022இல் தன் 12,500ஆவது மேடைக் காட்சியைத் தொட்டார். தமிழில் அப்படியொரு நடிகர் பிறக்கவில்லை என்பதல்ல. பிறந்தாலும் அத்தனை மாலைகளை அவருக்குத் தர நம்மிடம் இடம் இல்லை.

பெங்களூரு இன்னும் பக்கம். நடிகை அருந்ததி நாக் முன்னின்று கட்டிய ரங்க சங்கரா 2004இல் ஜே.பி. நகரில் திறந்தது. நாளுக்கொரு நாடகம், திங்கட்கிழமை விடுமுறை என்பது அதன் ஏற்பாடு. மணி அடித்துக் கதவு சாத்திவிட்டால் அமைச்சரே வந்தாலும் வெளியேதான். (நம் ஊரில் முதல் வரிசை நாற்காலிகள் இரண்டாம் காட்சி வரை பிரமுகருக்காகக் காத்திருக்கும்.) இன்று மாலை என்ன நாடகம் என்று தெரியாமலே அங்கே கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. ஏதோ ஒன்று நடக்கும் என்ற நிச்சயம் அவர்களை அழைத்துப் போகிறது. லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ 1952 முதல் ஓடுவதை உதாரணம் காட்டினால் அது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தள்ளிவிடலாம். பெங்களூருவை அப்படித் தள்ள முடியாது.

சொல்லப்போனால் லண்டன், பெங்களூரு வரைகூடப் போக வேண்டாம். பங்குனி பிறந்தால் திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். பிற்பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார், இரவில் கூத்து. கட்டியங்காரன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். முகவீணையும் ஆர்மோனியமும் உச்சத்துக்குப் போக, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையுமாக வேஷம் வந்து நிற்கும். முகம் காட்ட அவசரப்படாது. முதலிரண்டு இரவு கூட்டம் கொஞ்சம் மந்தம்தான். அர்ச்சுனன் தபசு அன்று பார்க்க வேண்டும். ஊருக்கு நடுவே நட்ட உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து வண்ணம் பூசிய பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, அந்த உருவத்தைச் சுற்றியே பீமனும் துரியோதனனும் மோதுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் தபசுக்கும் படுகளத்துக்கும் லீவு போட்டு வருகிறார்கள். விளம்பரப் பலகையோ முன்பதிவுச் செயலியோ இல்லை. என்றைக்கு எது என்பது ஊருக்குத் தெரியும். அதே களத்தில் பத்திருபது நாள் நடக்கும் என்பதும் தெரியும். நகரத்து நாடக ரசிகர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். நாற்காலி தேடக் கூடாது, பாயும் போர்வையும் எடுத்துப் போக வேண்டும்.

தெற்கே போனால் ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் நடிகர் சங்கங்களிலிருந்து ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர் என்று தனித்தனியாக வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் பபூனும் டான்ஸ்காரியும் ஆரம்பித்துவைக்க, ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் யார் மடக்குவார் என்று மேடையிலிருப்பவர்களுக்கே தெரியாது. சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து நூறாண்டு தாண்டியும் அவர் நாடகங்கள் தொழில்முறையாக ஓடுவது இந்தக் கோயில் திடல்களில்தான். இதுவும் ஒரே இரவுதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் என்றால் அடுத்த பங்குனிக்கும் நாடகம் உண்டு. ஊரின் காலண்டரில் அதற்கென்று ஓர் இரவு எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது.

நகரத்தில் இந்த நிச்சயம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வ’னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேடையேற்றியது. நாலு மணி நேர நாடகம். குமரவேல் நாடகமாக்க, பிரவீண் இயக்கினார். தொடர்ந்து பல மாலைகள் நடந்ததால் பேச்சு பரவ அவகாசம் இருந்தது. கல்கியைப் படித்த பாட்டிகளும் படிக்காத பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். 2014இல் மியூசிக் அகாடமியில் மறுபடி போட்டபோதும் கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்கியின் பெயருக்கு வந்த கூட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அது ஓரளவு சரி. ஆனால் அந்தப் பெயரும் ஒரே ஒரு மாலை இருந்திருந்தால் அத்தனை பேரை இழுத்திருக்காது.

செய்யக்கூடியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும், நாலு வாரம், ஒரே நாடகம், ஒரே அரங்கம்: பன்னிரண்டு காட்சிகள். நடிகர்கள் வேலையை விட வேண்டியதில்லை. நாலைந்து சபாக்கள் கூடி ஒரு நாடகத்தைப் பொதுவில் வாங்கி, தங்கள் உறுப்பினர்களைப் பன்னிரண்டில் எந்த நாள் வேண்டுமானாலும் வரச் சொல்லலாம். மிச்ச இருக்கைகளுக்கு வெளியாருக்கு டிக்கெட். எழும்பூர் அருங்காட்சியக அரங்கம் அரசின் கையில் இருக்கிறது. வளைந்த கூடம், நடிகரின் புருவம் அசைவதுகூடத் தெரிகிற நெருக்கம். அங்கே தொடங்கலாம். எட்டரைக்கு விட்டால் மெட்ரோ பிடிக்க நேரம் இருக்கும்.

இலவச பாஸை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். தெரிந்தவர்களை ஓசியில் அழைத்து அரங்கை நிரப்பும் பழக்கம் காசு கொடுத்து வந்தவரை அசடாக்குகிறது.

முதல் வாரம் பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கும். அந்த வாடகையை யார் தாங்குவது என்பதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு. இயல் இசை நாடக மன்றம் இதில் இறங்கலாம். பத்துக் குழுக்களுக்கு ஆளுக்கொரு காட்சி என்று உதவியைப் பிய்த்துக் கொடுப்பதைவிட, ஒரு குழுவுக்குப் பத்துக் காட்சிக்கான உதவியைக் கொடுத்துப் பார்க்கலாம். மற்ற ஒன்பது குழுக்களும் சண்டைக்கு வரும். வரட்டும், அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவர் முறை.