கைமாறும் வாகனங்களும் மாறாத பெயர்களும்

அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களே கைக்குக் கை மாறின. வாகனம் மாறியபோதிலும் பதிவுச் சான்றிதழிலுள்ள பெயர் எல்லாச் சந்தர்ப்பங்களிலும் மாறவில்லை. இதன் பாரதூரம் போதியளவு உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

காரொன்றைப் பதிவு செய்யும் செலவு என்றதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அறவிடும் கட்டணமே பலரது நினைவுக்கு வருகிறது. ஆனால் உண்மையான சுமை துறைமுகத்திலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. 2025 இல் இறக்குமதி மீள ஆரம்பிக்கப்பட்டபோது, வாகனத்தின் பெறுமதி மீது 20 சதவீத சுங்கத் தீர்வையும் அத்தீர்வையின் அரைப்பங்குக்குச் சமமான மேலதிகக் கட்டணமும் விதிக்கப்பட்டன. இவற்றுக்கு மேல் இயந்திரக் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை, குறித்த பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, 18 சதவீத பெறுமதி சேர் வரி என்பன சேர்ந்தன. பெறுமதி சேர் வரி, ஏனைய தீர்வைகளையும் உள்ளடக்கிய தொகை மீதே கணிக்கப்படுவதால் இது வரிக்கு மேல் வரியாகும். வெளிநாட்டில் நடுத்தர வர்க்கத்தினர் வாங்கும் சிறிய கார் இங்கு வசதி படைத்தோரின் உடைமையாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ் வருமானத்தைப் பெருக்கவேண்டிய நிலையிலுள்ள அரசாங்கத்திடம், இவ்வரிகளைக் கைவிடுமாறு கோருவதில் பயனில்லை. எனினும், புதிய வாகனம் எட்டாக்கனியாகும்போது சாதாரண குடும்பங்கள் பழைய வாகனங்களையே நாடும் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்திருக்க வேண்டும். அங்குதான் 'திறந்த ஆவணம்' எனப்படும் நடைமுறை தலையெடுக்கிறது.

விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் அதனைப் பதியாது மற்றொருவருக்கு விற்கிறார். இவ்வாறு நான்கைந்து கைகள் மாறிய பின்னரும் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் முதலாமவரே. உரிமை மாற்றத்தை உரிய காலத்துக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டத்தின் நிலைப்பாடு. ஆயினும் பலர் அதனைச் செய்வதில்லை. கட்டணம், நாட்செலவு, தரகரின் கூலி, நிலுவையிலுள்ள குத்தகைக் கடன் எனக் காரணங்கள் பல. போதாக்குறைக்கு, 2025 ஏப்ரல் 15 முதல் பெரும்பாலான வாகனங்களின் பதிவுக்கும் உரிமை மாற்றத்துக்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கட்டாயமாக்கப்பட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் படிகள் கூடக்கூட, படியேறாமல் தவிர்ப்போரின் தொகையும் கூடும்.

விபத்தோ குற்றச்செயலோ நிகழ்ந்தால் பொலிஸார் முதலில் தேடிச்செல்வது பதிவிலுள்ள பெயரையே. இது எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவான ஆபத்துத்தான். எனினும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு இதன் கனதி வேறு. யுத்த காலத்திலும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், ஒரு பெயர் மாத்திரமே சந்தேகத்துக்குப் போதுமாயிருந்த சூழலை இம்மக்கள் நன்கறிவர். எப்போதோ விற்ற வாகனம் எங்கோ தவறான கையில் அகப்பட்டால், 'அது இப்போது என்னுடையதல்ல' என்ற வாய்மொழியை ஏற்றுக்கொள்ள எவரும் அவசரப்படப் போவதில்லை. சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்த எண்ணியவர் அதனிலும் பெரிய விலையைச் செலுத்த நேரிடும்.

மொழியும் இங்கு ஒரு தடையாகிறது. 1987 இல் நிறைவேற்றப்பட்ட 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமக்கு விளங்காத மொழியில் நிரப்பப்பட்ட படிவத்தில் தரகர் காட்டும் இடத்தில் ஒருவர் கையொப்பமிட நேருமாயின், அந்த உரிமை ஏட்டளவிலேயே இருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமையகம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கு ஒருமுறை போய்வரும் செலவையும் இழக்கும் நாட்கூலியையும் எந்தக் கட்டண அட்டவணையும் காட்டுவதில்லை.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறமுடிகிறதென்றால், உரிமை மாற்றத்தையும் அங்கேயே, மக்களின் மொழியிலேயே, ஒரே நாளில் முடிக்க வழிசெய்வது இயலாத காரியமன்று. நீண்டகாலமாகத் திறந்த ஆவணத்தில் ஓடும் வாகனங்களுக்குத் தண்டப்பணமின்றிப் பதிந்துகொள்ளக் குறித்த கால அவகாசமொன்றையும் வழங்கலாம். அவ்வாறு செய்வதால் அரசுக்குச் சேரவேண்டிய கட்டணமும் வந்துசேரும். வாகனத்தின் உண்மையான உரிமையாளர் யாரென்பதும் தெரியவரும்.

அதுவரை மக்களும் பொறுமையாகக் காத்திருப்பது உசிதமானதல்ல. பெயரில்லாப் படிவத்தில் கையொப்பமிடுவது வெற்றுக் காசோலையில் கையொப்பமிடுவதற்கு ஒப்பானது. வாகனத்தை விற்பவர், வாங்குபவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் திகதியையும் தம் கண்ணெதிரிலேயே எழுதுவித்து, பிரதியொன்றை வைத்துக்கொண்டு, திணைக்களத்துக்கு உடனடியாக அறிவிக்க வேண்டும். பதிவின் பெறுமதி கட்டணச் சீட்டில் இல்லை. ஆபத்து நேரும்போதே அது தெரியவரும். அப்போது பதிவு செய்ய அவகாசம் இராது.