சுத்தம் என்னும் ஒரு சொல்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று பெரக்கரை நாடு. அங்கிருந்து காரவள்ளி வழியே சமவெளிக்கு வருவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்நாட்டினரான நம் மாணவர் ஒருவர், செயற்கைப் பல் பதிப்பதற்காகத் தம் தந்தையாரை நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். ஈறில் பொருத்தவிருந்த சிறு உலோக மூடியைக் காட்டி, “இது புதியதா?” என்று வினவினார். “சுத்தம் செய்ததுதான்” என்று விடை வந்தது.

இலக்கணத்தார் இதனை விடைவழு என்பர். நாம் இதனை ஏமாற்று என்போம்.

‘சுத்தம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று செயல்களை ஒளித்து வைத்திருக்கிறோம். கழுவுதல் அழுக்கை அகற்றும். கிருமிநாசினி பல கிருமிகளைக் கொல்லும், எல்லாவற்றையும் கொல்லாது. கிருமிநீக்கம் என்பதோ, ஆட்டோகிளேவ் கலத்தில் அழுத்தமேறிய நீராவியால் 121 அல்லது 134 பாகை வெப்பத்தில், வரையறுத்த நேரம் வைத்து, நுண்ணுயிர் எதுவும் எஞ்சாதபடி செய்தல். இம்மூன்றுள் எது நடந்தது என்று சொல்லாதவரை ‘சுத்தம்’ என்பது வெறும் ஓசையே.

கிருமிநீக்கமே நடந்தது என்று கொள்வோம். அப்போதும் ஓர் ஐயம் எஞ்சும். தாடையெலும்பில் பதித்த டைட்டானியத் திருகின்மேல் ஈறு ஆறும்வரை சில வாரங்கள் பொருத்துவது ‘ஹீலிங் அபட்மென்ட்’ என்னும் அம்மூடி. பின்னர் அது கழற்றப்படும் என்பதால்தான் அடுத்தவருக்கு மாட்டும் ஆசை பிறக்கிறது. பயன்படுத்திக் கழுவிக் கிருமிநீக்கிய 100 மூடிகளை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் 99இல் புரத எச்சங்கள் ஒட்டியிருந்ததாகக் கூறுகிறது. வெப்பம் கிருமியைக் கொல்லும். முந்தையவர் வாயின் எச்சத்தைப் பெயர்த்தெடுக்காது.

“அதனால் எவர் இறந்தார்?” என்று கேட்பர். அம்மூடியால் இறந்தார் என்று நாமும் கூறவில்லை. மறுபயன்பாட்டில் கவனம் பிசகினால் என்னாகும் என்பதற்கு வாணியம்பாடி சான்று. வட தமிழகத்தில் 2022, 2023 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் 21 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் 10 பேர் அவ்வூர்ப் பல் மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்றவர்கள். அப்பதின்மருள் 8 பேர் மாண்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் கூறிற்று. அறுவைக் கருவி ஒன்றால் சலைன் புட்டியைத் திறந்து, பஞ்சால் அரைகுறையாக மூடி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கின்றனர். பயன்பாட்டிலிருந்த புட்டியிலேயே அந்நோய்க் கிருமி இருந்தது. அங்கே மிச்சம் பிடித்தது சில புட்டி உப்புநீர்.

மறுபயன்பாடு அனைத்தும் குற்றம் என்பதன்று நம் வழக்கு. இடுக்கியும் திருகு முடுக்கியும் மீண்டும் பயன்படவே செய்யப்பட்டவை. அவற்றைக் கழுவி, உறையிலிட்டு, நீராவியில் வைத்து, கலம் சரிவர இயங்கியதா என்று சோதித்துப் பயன்படுத்துவது முறையான மருத்துவம். ஒருமுறைக்கே உரிய பொருள்களின் உறையிலோ வட்டத்துள் 2 என்ற எண்ணும் அதன்மேல் குறுக்குக்கோடும் அச்சிட்டிருக்கும். ‘மீண்டும் பயன்படுத்தாதே’ என்பது அதன் பொருள். அக்குறியை மருத்துவர் அறிவார். நோயாளி அறியார். அந்த அறியாமைதான் இங்கே முதலீடு.

“ஏழைக்கு மலிவாகச் செய்கிறோம்” என்பது அடுத்த வாதம். மலிவு உண்மையானால் கட்டணச் சீட்டில் அது தெரிய வேண்டுமே? புதியதன் விலையை வாங்கிக்கொண்டு பழையதை மாட்டுவது கருணையன்று, களவு. மெய்யாகவே விலையைக் குறைத்தாலும், எதனைப் பொருத்துகிறோம் என்று சொல்லி இசைவு பெறுவது கடமை. மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒரு நீதி, மாநகரத்துச் செல்வருக்கு ஒரு நீதி என்று மருத்துவத்தில் இருத்தலாகாது.

தமிழகத்தில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அச்சட்டம் ஊர்தோறும் வந்து நம் வாயைத் திறந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே நாமே கேட்போம்: உறையை நம் கண்முன் பிரியுங்கள், அதன் மேலுள்ள குறியைக் காட்டுங்கள், பொருத்திய உறுப்பின் தொகுதி எண்ணைச் சீட்டில் எழுதித் தாருங்கள். நேர்மையான மருத்துவர் இதற்குச் சினங்கொள்ளார்.

“புதியதா?” என்பதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை இருக்கலாம். ‘சுத்தம்’ என்பது விடையன்று.