சீட்டில் ஏறாமல் சான்றிதழ் வேண்டாம்: புது ஆபரேட்டர் பயிற்சி பற்றி எங்கள் நிலைப்பாடு

மாதனூர் சுற்றுவட்டாரத்தில் ஜேசிபி, பொக்லைன் வைத்துத் தொழில் செய்கிறவர்களும் அவற்றை ஓட்டுகிறவர்களும் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். புதிதாக வருகிற பையன்களை எப்படிப் பழக்குவது என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. சில வாரம் வகுப்பு, சில மணி நேரம் சிமுலேட்டர் திரை, கடைசியில் ஒரு சான்றிதழ் என்ற வழியை நாங்கள் ஏற்கவில்லை. உண்மையான வண்டியில் 100 மணி நேரமாவது மண் அள்ளாத ஒருவரை ஆபரேட்டர் என்று யாரும் எழுதித் தரக் கூடாது. அந்த 100 மணியை ஹவர் மீட்டரைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பழகும் காலத்துக்குச் சம்பளமும் தர வேண்டும்.

சிமுலேட்டரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லீவர் கைக்குப் பழகும் வரை அது நல்லது; டீசலும் மிச்சம். ஆனால் பூமைத் தூக்குகிற லீவர் ஒரு வண்டியில் ஒரு கையில் இருக்கும், இன்னொரு வண்டியில் மறு கைக்கு மாறியிருக்கும். திரையில் ஒரு மாதிரி பழகிவிட்டு வேறு மாதிரி வண்டியில் ஏறுகிறவனுக்கு அவசரத்தில் கை பழைய பக்கமே போகும். ஈர மண்ணில் ஒரு பக்கத்து ஸ்டெபிலைசர் கால் மெல்லப் புதைவதை முதலில் உணர்வது இடுப்பு. கண்ணுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போனபோது, வெள்ளம் விட்டுப்போன வண்டல் மேல் வண்டியை நிறுத்தி வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மேலே வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், கீழே கூழ்.

எங்கள் வழக்கமும் யோக்கியமானதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்களில் பெரும்பாலோர் கிளீனராக ஏறியவர்கள். வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்து, டீசல் கேன் தூக்கி, பக்கெட் பல் மாற்றி, ஆபரேட்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் சாவியைத் திருப்பிக் கற்றுக்கொண்டோம். களவாகக் கற்ற வித்தை. யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டு சுவரிலும், யாரோ ஒரு தெருவின் குடிநீர்க் குழாயிலும் கற்றது. குழாய் உடைந்தால் அந்தக் காசைப் பையன் சம்பளத்தில் பிடித்ததும் எங்களில் சிலர்தான். அப்படி இனிப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

லைசென்ஸ் இருக்கிறதே என்பார்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் கட்டுமான வண்டி எது என்று சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். இந்த வண்டிகளுக்குச் சாலையில் ஓடுவது துணை வேலைதான் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஆனால் லைசென்ஸுக்குப் போனால் சோதிப்பது அந்தத் துணை வேலையை. பக்கெட்டை இறக்கிக் காட்டு என்று எங்களை யாரும் கேட்டதில்லை. சங்கிலி வண்டி கதை இதைவிட மோசம். அந்த வரையறை ரப்பர் டயர் வண்டிகளையும் ரோடு ரோலரையும் நினைத்து எழுதியது. டிரெய்லரில் ஏறி வந்து டிரெய்லரிலேயே திரும்பிப் போகிற வண்டிக்கு அதில் இடமில்லை.

பயிற்சி இந்த ஊர் மண்ணிலேயே நடக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இது டேனரி நாடு. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எங்கே தோண்டினாலும் பக்கெட்டில் மண் மட்டும் வரும் என்று சொல்ல முடியாது. டேனரிகளிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் கொண்டுபோகும் குழாய்கள் மண்ணுக்குள் கிடக்கின்றன. பழைய சுண்ணாம்புத் தொட்டிகள் மேலே மண் போட்டு மூடிக் கிடக்கின்றன. ஒரு டேனரியின் பின்பக்கம் அஸ்திவாரம் எடுக்கப் போன எங்கள் வண்டி ஒன்றின் பக்கெட்டில் நாலாவது அடியில் நீலப்பச்சையாக ஒரு சேறு வந்தது. குரோமியத்தில் பதனிட்ட வெட் ப்ளூ தோலைச் சீவின தூளும் கசடும் சேர்ந்து இறுகியது. புது ஆபரேட்டர் அதைக் களிமண் என்று நினைத்து டிப்பரில் கொட்டினான். டிப்பர் அதை ஒரு நிலத்து வரப்போரம் கொட்டியது. அவனைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. குரோமியம் என்ற வார்த்தையே அதுவரை அவன் காதில் விழுந்ததில்லை.

இன்னொன்று காற்று. தோலில் முடி நீக்கச் சேர்க்கிற சல்பைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் ஆளைக் கொல்லும். மூடிய தொட்டியைத் திறந்தால் ஆபரேட்டர் இறங்கக் கூடாது, கிளீனரையும் இறக்கக் கூடாது. காற்று மட்டுமில்லை, கசடின் கனமும் கொல்லும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். கசடுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு அதற்கு மேல் பாடம் வேண்டுமா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து இங்கே தோல் கழிவைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்த மண்ணில் பக்கெட் இறக்குகிறவனிடம்தான் யாரும் பேசவில்லை.

அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளுங்களேன் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் இப்போதுள்ள விதிப்படி, நாலு பேராவது வேலை செய்யும் இடத்தில்தான் அப்ரண்டிஸ் வைக்க முடியும். ஒரே வண்டிக்காரரிடம் ஓர் ஆபரேட்டர், ஒரு கிளீனர், ஆக இரண்டு பேர். எங்களில் அதிகம் பேர் ஒரே வண்டிக்காரர்கள்தான். பத்து வண்டிக்காரர்களைச் சேர்த்து ஒரே நிறுவனமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மத்திய அரசின் உதவித்தொகைப் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, இந்தப் பையன்களுக்கும் கிடைக்கும். இதற்கு வழி செய்யும்படி தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்கிறோம்.

செலவை மறைக்கவில்லை. ஜேசிபி மணிக்கு நாலைந்து லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு ஆளுக்கு 100 மணி என்றால் டீசல் மட்டுமே நாற்பதாயிரம் ரூபாய் அளவில் வரும். வாடகை இழப்பு தனி. அதனால் பயிற்சிக்கென்று வெறும் குழி வெட்டி மூடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வறண்ட ஏரியில் தூர்வாரும் வேலையைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் எடுத்துக்கொள்ள 2024 முதல் வழி இருக்கிறது. அள்ளுகிற மண்ணை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, மேலே கரண்ட் கம்பி இல்லை, கீழே குழாய் இல்லை. கரையில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அங்கே 60 மணி முடித்தவனை ஊருக்குள் கொண்டுவரலாம். சுண்ணாம்புக் கோடு போட்டு, மூணடி ஆழத்தில் ஒரு பிவிசி குழாயைப் புதைத்து வைத்து, உடையாமல் அதை வெளியே காட்டச் சொல்வோம். கடைசி ஓரடியைப் பக்கெட் தொடக் கூடாது, மண்வெட்டிதான். பள்ளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்கக் கூடாது. எடுத்த மண்ணைப் பள்ளத்து விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். பள்ளத்தைப் பற்றிய இந்த இரண்டும் இந்தியத் தர நிர்ணயத்தில் எழுதியிருப்பவைதான். பூம் சுற்றுகிற வட்டத்துக்குள் கிளீனர் நின்றால் பையன் வண்டியை அணைத்துவிட வேண்டும். அணைக்காதவனுக்கு அன்றைய மணி சேராது.

எங்கள் பக்கம் மூன்று விஷயங்களை ஒப்புக்கொள்கிறோம். 18 வயது நிறையாதவரைச் சீட்டில் ஏற்ற மாட்டோம். பெண்கள் வந்தாலும் இதே பயிற்சி, இதே சம்பளம். ஷூ கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற கைக்கு லீவர் ஒன்றும் கனமில்லை. பழகும் பையனின் மணிக் கணக்கு நோட்டு அவனிடமே இருக்கும். முதலாளியை விட்டுப் போகும்போது அதைப் பிடித்து வைக்கிற வேலை எங்களில் யார் செய்தாலும், அவர் வண்டிக்கு அந்த வருஷம் பயிற்சி ஆள் கிடையாது.