கடைக்குப் பூட்டு உண்டு, கணக்குக்குப் பூட்டு எங்கே?

 

இரவு கடை அடைக்கும்போது ஷட்டரை இறக்கி, இரு பக்கமும் பூட்டுப் போட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். கல்லாச் சாவியைச் சொந்தத் தம்பியிடம்கூட யோசித்துத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் கல்லாவில் இருப்பதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது உங்கள் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் ஆதார் நகல், வீட்டுப் பெண்களின் புகைப்படம்! இத்தனையும் அதற்குள்தான். அதற்கு என்ன பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. "ஒளித்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "அரசாங்கம் நினைத்தால் எதையும் பார்த்துவிடும், நாம் என்ன தடுக்க முடியும்?" என்பது மற்றொன்று. முதலாமவர் வெள்ளந்தி, இரண்டாமவர் விரக்தி அடைந்தவர். இருவர் வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கிறது என்பதுதான் உண்மை!

உங்கள் சொத்து மட்டுமா?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கணக்கை எழுதி வைப்பது பற்றியது (2:282). சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதுங்கள், நேர்மையாக எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்று வல்ல அல்லாஹ் விரிவாகக் கட்டளையிடுகிறான். நேற்று பேரேட்டில் எழுதியதை இன்று கம்ப்யூட்டரில் எழுதுகிறோம். எழுதும் கருவி மாறியது, கடமை மாறவில்லை.

அந்தக் கணக்கு அழிந்தால் யாருடைய உரிமை பறிபோகிறது? வாடிக்கையாளரின் ஆதார் நகல் திருடப்பட்டால் யார் பெயரில் மோசடி நடக்கும்? மஹல்லா அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜகாத் பெறும் ஏழை விதவைகளின் பட்டியல் இருக்கிறது, நிக்காஹ் பதிவு இருக்கிறது, தலாக் பஞ்சாயத்து விவரம் இருக்கிறது. இவை எல்லாம் பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். "ஒளித்து வைக்க என்னிடம் எதுவுமில்லை" என்று சொல்லும் உரிமை அமானிதம் சுமப்பவருக்கு இல்லை.

திருடன் வரும் வழி

பி.சி. எனப்படும் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் எங்கே பிறந்தது? 1986ல் லாகூரில்! பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரு சகோதரர்கள் கம்ப்யூட்டர் கடை நடத்திய வியாபாரிகள். தாங்கள் எழுதிய மருத்துவ சாப்ட்வேரைக் காசு கொடுக்காமல் நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே 'பிரெய்ன்' என்ற அந்த நிரலை எழுதியதாக அவர்கள் கூறினார்கள். அதற்குள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட எழுதி வைத்தார்கள். பிளாப்பி வட்டுகள் மூலம் அது கடல் கடந்து பரவியது. அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் லாகூருக்குப் போன் வந்தது!

அன்று திருட்டு நகலைப் பிடிக்க வைரஸ். இன்றோ திருட்டு நகலே வைரஸின் வாகனம். நம் கடைகளில் ஓடும் விண்டோஸ், கணக்கு சாப்ட்வேர், போட்டோஷாப் ஆகியவற்றில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பூட்டு உடைக்கப்பட்ட அந்த சாப்ட்வேரை நிறுவும்போது, "முதலில் ஆன்ட்டி வைரஸை நிறுத்துங்கள்" என்று அதிலேயே எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்தவன் "முதலில் காவலாளியை அனுப்பிவிடு" என்றால் உள்ளே விடுவோமா? இங்கே மட்டும் விடுகிறோம்! நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், பிரவுசரில் சேமித்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும் எங்கோ இருப்பவனுக்கு அனுப்பும் உளவு நிரல்கள் பல இப்படித்தான் உள்ளே வருகின்றன. அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது கூடுமா என்ற மார்க்கக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரக் கணக்குப்படியும் இது நஷ்டமே.

பழுது பார்க்காத கதவு

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டியது. திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் திருத்தத்தைப் போடாதவர்களும், திருத்தமே வராத பழைய விண்டோஸை ஓட்டியவர்களும்தான் மாட்டினார்கள்.

நம் கடைகளில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. புதியது வாங்க வசதியில்லையா? லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்றவை இலவசம், சட்டப்படி ஹலாலான இலவசம்!

பண நஷ்டத்தோடு முடிவதில்லை

தடா, பொடா, யு.ஏ.பி.ஏ. என்று பெயர் மாறி வந்த சட்டங்களின் சுமையை அறிந்த சமுதாயம் நாம். எனவே இதை ஊன்றிப் படியுங்கள்.

பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் டெல்லியைச் சேர்ந்த ரோனா வில்சன் கைதானார். அவர் லேப்டாப்பில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் முக்கிய ஆதாரமாக வைக்கப்பட்டன. அந்த லேப்டாப்பின் நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021ல் அறிக்கை தந்தது. 2016 ஜூனில் தெரிந்தவர் பெயரில் வந்த ஈமெயில் ஒன்றிலிருந்த கோப்பை அவர் திறந்தார், அதன் வழியே 'நெட்வயர்' என்ற நிரல் நுழைந்தது, வெளியிலிருந்து இயக்கியவர்கள் சுமார் 22 மாதம் லேப்டாப்பைக் கையில் வைத்திருந்து அந்தக் கடிதங்களை மறைவான கோப்புறையில் வைத்தார்கள் என்றது அறிக்கை. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. வில்சனுக்கு பாம்பே உயர்நீதிமன்றம் ஜாமீன் தந்தது 2025 ஜனவரியில்தான். ஆறரை ஆண்டுகள்!

வைத்தது யார் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் படிக்கவேண்டிய பாடம் வேறு: திருடன் எடுத்துக்கொண்டு மட்டும் போவதில்லை, வைத்துவிட்டும் போகலாம்.

தொழுகை நேரம் பார்க்கும் செயலியையும் சிந்தியுங்கள். 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கம் செய்யப்பட்ட 'முஸ்லிம் புரோ', பயனாளர்கள் இருக்கும் இடத்தின் விவரத்தை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்கு அளித்ததும், அந்நிறுவனம் சேகரித்த விவரங்கள் ஒப்பந்ததாரர்கள் வழியே அமெரிக்க ராணுவம் வரை சென்றதும் 2020 நவம்பரில் பத்திரிகையில் அம்பலமாயின. பிறகு அந்த உறவை முறித்துக்கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. பெயரில் முஸ்லிம் என்று இருப்பதாலேயே எதையும் நம்பி அனுமதி கொடுக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கட்ட வேண்டிய கயிறுகள் இவை:

1. திருட்டு சாப்ட்வேரை அகற்றுங்கள். அப்டேட் வந்தால் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள்.

2. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள். சாதாரண வீட்டுக்கு அதுவே போதுமான காவல்.

3. அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு வையுங்கள்.

4. கணக்குகளை வாரம் ஒருமுறையாவது வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். கடை நகல் வீட்டில் இருக்கட்டும்.

5. கடைப் பெயரும் செல் நம்பரும் பாஸ்வேர்டு ஆகாது. நீளமாக வையுங்கள். ஈமெயிலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறாக வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வைஃபை பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

6. சரக்கு அனுப்புபவர் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஈமெயில் அனுப்பினால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் போன் செய்து கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை ஏ.பி.கே. கோப்பாக வந்தால் திறக்காதீர்கள். பத்திரிகைக்கு எதற்கு நிறுவல்?

7. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மை ஏசுபவர்களின் இணையதளத்தை உடைப்பதை வீரம் என்று எண்ணும் தம்பிகள் சிலர் உண்டு. அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதே என்றும் (24:27), துருவித் துருவி உளவு பார்க்காதே என்றும் (49:12) தடுத்த மார்க்கம் நம்முடையது. நம் வீட்டில் நடந்தால் குற்றம், அடுத்தவர் வீட்டில் நடந்தால் வீரமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் காத்திருக்கிறது. ஒரு கிளிக்கில் உங்கள் தாயின் கண்ணீரை விலைக்கு வாங்காதீர்கள்!

அந்தத் திறமையை மஹல்லாவுக்குக் கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை போடுங்கள். வியாபாரிகளின் கம்ப்யூட்டரை அவர்கள் கண்ணெதிரிலேயே சரி செய்து கொடுங்கள். முதலில் ஜமாஅத் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குங்கள். முத்தவல்லிகள் இதற்கு இடம் தரவேண்டும்.

உளவுக்கு எதிராக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்திருப்பதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தன் கதவைத் திறந்து போட்டவன் திருட்டைப் பற்றிப் பேசினால் ஊர் எப்படிக் கேட்கும்?

இன்றிரவு ஷட்டரை இறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நகல் எடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். அமானிதம் பேணும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக!